எதிர்ப்பில்லாத சந்து

"இந்தப் பட்டையைச் சட்டைக் கையில தச்சுக் குடு. நாளைக்கு வேலையில சேரணும்" என்று சொல்லி, கணவன் ஒரு சாம்பல் நிறச் சட்டையைத் தையல் இயந்திரத்தின் மேல் போட்டான். துணிப்பட்டையில் 'காவலர்' என்று எழுதியிருந்தது. சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. கூரை ஒழுகுவதைச் சோதிப்பவன்போல அண்ணாந்திருந்தான்.

அவள் சட்டையை உதறி மடியில் விரித்தாள். விரித்த கை அப்படியே நின்றது.

அது அவளே தைத்த சட்டை. தேர்தலுக்கு முன்பு, பெரிய தெரு ஒப்பந்தக்காரர் துணி கொடுத்துச் சில சட்டைகள் தைக்கச் சொல்லியிருந்தார். ஒன்றுக்கு மட்டும், "வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும், பாத்து வெட்டும்மா" என்றார். அன்று சாப்பிடும்போது அவள் கணவனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க தோளுக்கு ஊர்ல ஒரு தம்பி இருக்காரு போல." மூட்டை தூக்கும் அவன், "தூக்குறவனுக்கெல்லாம் தோள் அப்படித்தான்" என்று தட்டில் குனிந்துகொண்டான். சட்டைகளெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், அவளுக்கு அடையாளம் தெரியாது என்று அவன் எண்ணியிருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம்தான் சந்துக்காரர்களின் கூட்டம் நடந்தது.

சந்தின் வாயிலில் பெரிய தெருக்காரர்கள் இரும்புக் கதவு போட்டிருந்தார்கள். இருட்டியதும் பூட்டிவிடுவார்கள். திருட்டுப் பயமாம். பகலெல்லாம் அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கி, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறவர்கள், பொழுது சாய்ந்ததும் திருடர்களாகிவிடுவார்கள் என்பது அந்தப் பயத்தின் இலக்கணம். தாமதமாக வருகிறவர்கள் சாக்கடைக் கால்வாயின் கரையைச் சுற்றித்தான் வீடு சேர வேண்டும். வட்டார மன்றத் தேர்தலில் இருவர் நின்றார்கள். கதவை எடுத்துவிடுவதாகச் சொன்னவர் பள்ளிக்கூட டீச்சர். கதவைப் போட்டவர் மரக்கடைக்காரர்.

கூட்டத்தில் எழுந்து பேசியவன் கணவன்தான். "நம்மள மனுசனா மதிக்காதவங்க நடத்துற தேர்தல்ல நமக்கென்ன வேலை? ஒருத்தரும் போகக்கூடாது. நம்ம ரோஷம் அவங்களுக்குத் தெரியட்டும்!"

கைதட்டலில் அவளுக்குப் பெருமையால் கால் தரையில் பாவவில்லை. தேர்தலன்று சந்து முனையில் நின்று, ஓட்டுப் போடக் கிளம்பிய ஆஸ்பத்திரி அக்காவைத் தடுத்தவளும் அவளே. ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் அந்த அக்காதான் கால்வாய்க் கரையில் அதிகம் நடப்பவள்.

"ரோஷம் வந்து பூட்டைத் திறக்குமாடி?"

"சந்தே ஒரு பேச்சுல நிக்குது. நீ மட்டும் தனிக்காட்டு ராணியா?"

அக்கா திரும்பிப் போனாள். டீச்சர் தோற்றார். சந்தில் பாதிப் பேர் போயிருந்தாலே ஜெயித்திருப்பார்.

"கூட்டத்துக்கு முன்னாடியே அளவு குடுத்திட்டீங்களா?" என்று அவள் இப்போது கேட்டாள்.

"எந்த அளவு?"

"இந்தத் தோளைச் சரிச்சு வெட்டினது நான். என் கைத்தையல் எனக்குத் தெரியாதா?"

அண்ணாந்த தலை கீழே வந்தது. "மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போச்சு. கதவுச் சாவி நம்ம ஆள் கையில இருந்தா நல்லதுதானே? நம்மாளுங்களுக்கு நான் திறந்து விடமாட்டேனா?"

"யாருக்குத் திறப்பீங்க?"

"அது... மன்றத்துல கேட்டுட்டு..."

அவள் பட்டையைத் தைக்கவில்லை. சட்டையை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரி அக்காவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அக்கா திட்டவில்லை, திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"புருஷனை நம்பினது குத்தமில்ல. என்னை மறிச்சியே, அதுதான் குத்தம். நாளைக்கு லீவு சொல்லிட்டு வரேன், மன்றத்துக்குப் போவோம்."

மன்ற அலுவலகத்தில் அவர்களை நெடுநேரம் உட்கார வைத்தார்கள். மரக்கடைக்காரர் பேச்சில் மட்டும் மரியாதைக்குக் குறைவில்லை.

"கதவு உங்களுக்குக் கஷ்டமாம்மா? சொல்றதுக்குன்னே ஒரு நாள் வச்சோமே! பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டுச் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தோம். உங்க சந்துலேர்ந்து எனக்கு எதிரா ஒரு ஓட்டுகூட விழல. 'சந்துவாசிகளிடம் எதிர்ப்பு இல்லை'ன்னு தீர்மானமே போட்டாச்சு."

"வராம இருந்ததே எதிர்ப்புதாங்க" என்றாள் அவள்.

"வராததை நான் எப்படிம்மா எண்ணுறது?"

அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பூட்டிய கதவின் அருகே கணவன் நின்றிருந்தான். பட்டையை ஊக்கால் குத்தியிருந்தான். அவளைக் கண்டதும் பெரிய தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு பூட்டைத் திறந்தான்.

"சட்டுனு வா. நீ மட்டும். நம்ம வீட்டுக்குன்னு மன்றத்துல அனுமதி கேட்டு வாங்கியிருக்கேன். அக்கா, கோவிச்சுக்காதீங்க, உங்களை விட்டா என் வேலை போயிடும்."

அவள் நகரவில்லை. கதவுக்கு அப்பால் வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "அக்கா, அடுத்த தேர்தல்ல நிக்கணும்னா என்ன வயசாகணும்?" என்று கேட்டாள்.

"உன் வயசே ஜாஸ்திடி. புத்திதான் லேட்டு."

இருவரும் கால்வாய்க் கரையை நோக்கித் திரும்பினார்கள்.

கதவு திறந்தே இருந்தது. சற்றுப் பொறுத்து, உத்தரவுப்படி, அவன் அதைப் பூட்டினான்.