நான்காம் எண் சட்டை

மேஜையில் ஆறு வெள்ளைச் சட்டைகள் கிடந்தன. எதிலும் தைத்தவர் பெயர் இல்லை. காலருக்குள் ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதிய துண்டுத்தாளைக் குத்தியிருந்தார்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஓர் உறைக்குள் வைத்து ஒட்டப்பட்டு மேனேஜரின் சட்டைப்பையில் இருந்தது. ஆறில் சிறந்ததை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைத் தைத்தவள் நாளை முதல் மாதிரிச் சட்டை தைக்கிற சாம்பிள் அறைக்குப் போவாள். அங்கே முதுகு வைத்த நாற்காலி உண்டு. மணிக்கு இத்தனை என்று விரட்டுகிற ஆள் கிடையாது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் தையல் ஹாலில் இருநூறு பெண்களுக்கும் அந்த அறைமேல் ஒரு கண். "நிதானமா பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிதானம் என்று யாராவது சொன்னாலே எனக்கு அவசரம் வந்துவிடும்.

இத்தனை ஏற்பாடும் என்னால் வந்த வினை. செக்கிங் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. ஹாலில் மூன்றாவது வரிசையில் தைப்பவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. புகுந்த வீட்டில் ஒத்துப்போகாமல் ஐந்து வருடத்துக்கு முன்பு ஒற்றைப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளை என் பழைய மெஷினில் உட்காரவைத்துத் தையல் சொல்லிக்கொடுத்து, இங்கே சேர்த்தும் விட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனி. அவள் சட்டையை நான் பாஸ் பண்ணினால் ஒருத்தி இருமுவாள். அடுத்தவள் இருமுவாள். ஒரு வரிசை முழுக்கத் தொண்டை கமறும். அந்த இருமலுக்குப் பயந்தே, மற்றவர்களிடம் கண்டும் காணாமல் விடுகிற நூல் பிசிறுக்கெல்லாம் அவளுடையதைத் திருப்பி அனுப்பினேன். போன வருடம் ஒரே நாளில் இருபது சட்டை. அத்தனையும் பிரித்துத் தைத்துவிட்டு வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியார்தான் கேட்டார். "ஊரெல்லாம் உன்னை நல்லவள்னு சொல்லணும்னா எம்பொண்ணுதான் கிடைச்சாளா?" எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்பது வேறு விஷயம்.

சாம்பிள் அறையில் ஓர் இடம் காலி என்று தெரிந்த வாரமே புகார்ப் பெட்டியில் ஒரு கடிதம் விழுந்தது. கையெழுத்து இல்லை. "தைக்கிறது நாத்தனார், பாக்குறது அண்ணி. அந்த நாற்காலி யாருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?" மேனேஜர் அதை என் முன்னாலேயே படித்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. பெயர் இல்லாமல் எண் வைத்துப் பார்க்கலாம் என்று அவரே வழி சொன்னார். சொல்லிவிட்டு, "தையலைப் பாத்தே ஆளைக் கண்டுபிடிச்சிடுவீங்களா?" என்று கேட்டார். "அதெப்படி சார் முடியும்?" என்றேன். யோசிக்காமல் சொன்ன பொய். நாலு பேர் நடுவில் காலடிச் சத்தத்தை வைத்தே வீட்டு ஆளை அடையாளம் சொல்கிறோம். ஐந்து வருடம் பார்த்த தையல் தெரியாமல் போகுமா?

ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு ஆகிய எண்களைச் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். ஒரு சட்டையில் காலர் முனை மழுங்கியிருந்தது, இன்னொன்றில் கைப்பட்டி இழுத்திருந்தது. மிஞ்சியது இரண்டும் நான்கும். நான்கைக் கையில் எடுத்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. சட்டைப்பையின் மேல் மூலையில் ஒரு குட்டி முக்கோணம் தைப்போம். இந்த முக்கோணத்தின் ஒரு கோடு ஒரு நூல் அளவு உள்பக்கம் சாய்ந்திருந்தது. என் வீட்டு மெஷின் துணியை இடதுபக்கம் இழுக்கும். அதைச் சமாளிக்க, மூலையில் ஊசியை நிறுத்தித் துணியைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நல்ல மெஷினுக்கு வந்த பிறகும் என் நாத்தனாருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அது குறையும் இல்லை. உண்மையில் அப்படித் திருப்பினால் மூலை பிரியாது. ஆறில் சிறந்த சட்டை நான்குதான். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் சொல்லிவிடலாம்.

எடுத்துக் கொடுத்திருக்கலாம். எனக்கே அதில் ஆதாயமும் இருந்தது. சாம்பிள் அறைக்காரர்களுக்குக் கம்பெனிக் குடியிருப்பில் தனி அறை உண்டு. ஐந்து வருடமாக அவள் எங்கள் வீட்டு ஹால் சோபாவில் படுக்கிறாள். நானும் வீட்டுக்காரரும் சண்டையைக்கூட கிசுகிசுப்பாகப் போட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அந்த ஆதாயமே என்னைக் குத்தியது. இவள் போனால் வீடு காலியாகும் என்று நினைத்துத்தான் எடுக்கிறேனோ? உறையைப் பிரித்துப் பெயரைப் படித்ததும் இருநூறு தொண்டையும் ஒன்றாகக் கமறும் சத்தம் இப்போதே காதில் விழுந்தது. இரண்டாம் எண்ணை எடுத்தேன். அதுவும் சுத்தமான வேலைதான். முக்கோணம் புத்தகத்தில் போட்டதுபோல நேராக இருந்தது. யார் கை என்று தெரியவில்லை. தெரியாததே பெரிய நிம்மதியாக இருந்தது.

"நாலாம் நம்பரும் நல்லாத்தானே இருக்கு?" என்றார் மேனேஜர்.

"பை கால் அங்குலம் மேல ஏறியிருக்கு சார்."

அவர் அளந்து பார்க்கவில்லை. என் வார்த்தைக்கு இங்கே அவ்வளவு மதிப்பு. அப்படியே தாளில் எழுதிக்கொண்டார்.

டீ நேரத்தில் ஹால் நடுவே நின்று உறையைப் பிரித்தார். நான் செக்கிங் மேஜைக்குப் பின்னால், நேர்மையின் மொத்த உருவம் நான்தான் என்பதுபோல நின்றிருந்தேன். "இரண்டாம் எண்" என்று நிறுத்தி, என் நாத்தனாரின் பெயரைப் படித்தார். எனக்கு முதலில் புரியவே இல்லை. யாரும் இருமவில்லை. பெயர் மறைத்து வைத்த போட்டியாயிற்றே, இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். ஒளிவுமறைவு கூடாது என்று மற்ற எண்களையும் வரிசையாகப் படித்தார். நான்காம் எண், நெட்டை. என் நாத்தனாருக்குப் பக்கத்து மெஷினில் உட்காரும் உயரமான பெண். எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். இப்போது அவள் தலையைக் குனிந்து டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வாசலில் அவள் மகள் தினமும் ஏழு மணி வரை உட்கார்ந்திருக்கும் கதை ஹால் முழுக்கத் தெரியும்.

கை கழுவும் இடத்தில் நாத்தனாரைப் பிடித்தேன். சந்தோஷப்படுகிறவள் முகமாக அது இல்லை.

"மூலையை மாத்தித் தச்சியா?"

"ஆமா அண்ணி. ஒரு வாரமா பழகினேன்."

"எதுக்கு?"

அவள் குழாயை மூடினாள். "என்னோடதுன்னு தெரிஞ்சா நீங்க எடுக்க மாட்டீங்க. எனக்கு அது தெரியும்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னாள். அப்படியானால் நான்காம் எண்ணில் அந்த மூலை எப்படி வந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அவளே பதிலும் சொன்னாள்.

"நெட்டைக்கு அந்த மூலையை நான்தான் காட்டிக்கொடுத்தேன். அவ மெஷினும் இழுக்கும்." அப்புறம் என்னையே உற்றுப் பார்த்தாள். "அண்ணி, நாலு என்னோடதுன்னு நினைச்சீங்களா?"

நான் குழாயைத் திறந்து கையைக் கழுவ ஆரம்பித்தேன். மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னால், தையலைப் பார்த்து ஆளைத் தெரியாது என்று பொய் சொன்னவள் நான், இல்லாத கால் அங்குலத்தை எழுதவைத்தவளும் நான் என்பது வெளியே வரும். என் மேஜை போகும். இவளுக்குக் கிடைத்ததும் போகும். ஐந்து வருடமாக நான் திருப்பி அனுப்பிய சட்டைகளுக்கெல்லாம் ஒரு பதிலாக இன்றைக்கு ஜெயித்தவள், திரும்பவும் எங்கள் சோபாவுக்கு வருவாள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. மேஜைக்குப் போனேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மேனேஜர் அறைக்கதவு வரை நடந்துபோய் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி வந்தேன். நாத்தனார் மூன்றாவது வரிசையில் தன் கத்தரியையும் நூல்கண்டுகளையும் ஒரு டப்பாவில் எடுத்து வைப்பதும், எடுத்து வைத்ததை வெளியே வைப்பதுமாக இருந்தாள்.

வேலை முடியும் நேரத்தில் நெட்டை என் மேஜைக்கு வந்தாள். கையில் நான்காம் எண் சட்டை.

"அக்கா, அந்த லெட்டர் போட்டது நான்தான். மனசு கேக்கல, சொல்லிடறேன். தப்பா நினைச்சுட்டேன். பேரே இல்லாம வச்சும் அவதான் ஜெயிச்சிருக்கா. நீங்க நியாயமாத்தான் இருந்திருக்கீங்க."

"அதெல்லாம் விடு" என்றேன். என் குரல் எனக்கே அடுத்த வீட்டுக்காரியின் குரல்போலக் கேட்டது.

"இல்லக்கா, ஒண்ணே ஒண்ணு. பை கால் அங்குலம் ஏறியிருக்குன்னு சொல்லியிருந்தீங்களாம். நான் மூணு தடவை டேப் வச்சுப் பாத்துட்டேன், சரியா இருக்கற மாதிரிதான் தெரியுது. எனக்கு அளக்கவே தெரியலன்னு நினைக்கிறேன். எங்கேயிருந்து வச்சு அளக்கணும்? சொல்லிக்கொடுங்க, அடுத்த தடவைக்குத் திருத்திக்கறேன்."

சட்டையை என் முன்னால் விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் நீக்கினாள். டேப்பை எடுத்து என் கையில் வைத்தாள். பிறகு மகளுடைய பழைய நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்றை மேஜை ஓரத்தில் வைத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றிக் கடித்துக்கொண்டு, நான் சொல்லப்போவதை எழுதிக்கொள்ளக் குனிந்தாள்.