எண்ணெய்த் தொட்டியில் க்ளோவிஸ் ஜெர்வே

க்ளோவிஸ் ஜெர்வே செத்த மறுநாள், அவனைக் கொன்ற பனிக்கலப்பையில், தகட்டைத் தூக்கும் ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டியைத் திறந்தபோது உள்ளே எண்ணெய் இல்லை, ரத்தம் இருந்தது. ஷெரிஃப் அனுப்பிய ஆள் ஒரு விரலை விட்டு மோந்து பார்த்தான். கியர் ஆயிலும் சிவப்புதானே என்று சொல்லி விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, விபத்து என்று எழுதிவிட்டுப் போனான். எங்களுக்கும் அது பெரிய அதிசயமாகப் படவில்லை. அவ்வளவு கனத்த இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒரு முழு மனிதன் நசுங்கியிருக்கிறான், சுற்றிலும் பனி பால்போல வெள்ளையாகக் கிடக்கிறது. ரத்தம் எங்கேயாவது போயிருக்க வேண்டும் அல்லவா? அங்கே போயிருந்தது, அவ்வளவுதான்.

சாலைக்கு ஏரிப் பக்கம் ஃபின்லாந்துக்காரன் ரெய்னோ ரவுத்தியோ வீடு, காட்டுப் பக்கம் பிரெஞ்சுக்காரன் க்ளோவிஸ் வீடு. நவம்பர் பிறந்தால் இரண்டு பேரும் தங்கள் பிக்கப் வண்டிகளின் முன்னால் கலப்பையை மாட்டிக்கொண்டு ஊரார் வாசல்களில் பனி தள்ளிப் பிழைத்தவர்கள். ஒரு பக்கத்துப் பனியைச் சாலை தாண்டி எதிர்ப்பக்கம் தள்ளக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மானமுள்ளவன் அதைச் செய்ய மாட்டான். இவர்கள் செய்தார்கள். யார் தொடங்கியது என்று ஊரில் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்களைக் கேட்டால் அந்தப் பிரெஞ்சுக்காரன் என்பார்கள், பிரெஞ்சுக்காரர்களைக் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்! கல்யாணமான புதிதில் தொடங்கியது, தலை நரைத்தும் ஓயவில்லை. முதலில் தபால் பெட்டி உடைந்தது. பிறகு ரெய்னோவின் மண்வெட்டி க்ளோவிஸின் முன்பற்களைக் கொண்டுபோனது. அதற்குப் பதிலாக, சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் விருந்தின்போது க்ளோவிஸ் ரெய்னோவின் பாதிக் காதைக் கடித்து, பீரைக் குடித்து உள்ளே இறக்கினான். ரெய்னோ அவன் நாயைப் பனியோடு சேர்த்துத் தள்ளினான், ஏப்ரலில் பனி உருகியபோதுதான் நாய் கிடைத்தது. க்ளோவிஸ் ரெய்னோவின் சவுனாவை, அந்த நீராவிக் குளியல் குடிலை, கொளுத்தினான். வீட்டைக் கொளுத்தியிருந்தால்கூட ஒரு ஃபின்லாந்துக்காரன் மன்னித்திருப்பான். ஊர்ச் சபை ஒவ்வொரு முறையும் கூடி, இருவரையும் திட்டி, காபி குடித்துக் கலைந்தது. வேறு என்ன செய்ய, சொல்லுங்கள்.

க்ளோவிஸ் செத்த அந்தப் பிப்ரவரிக் காலையில் ரெய்னோவின் கலப்பைத் தகடு முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. மேலே போகும், கீழே வராது. ரெய்னோவுக்கு ஓட்டத் தெரியுமே தவிர பழுது பார்க்கத் தெரியாது. சாலை நடுவே நின்று பம்பை உதைத்துக்கொண்டிருந்தான். சிரிப்பதற்கென்றே வாசலுக்கு வந்தான் க்ளோவிஸ். ஆனால் வேலை தெரிந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? பல் போன வாயில் விசிலடிக்கும் பேச்சோடு சாலையைத் தாண்டிவிட்டான்.

"டேய் எருமை, அத ஏன்டா உதைக்கிற? மோட்டார் ஓடுதா இல்லையா, அத முதல்ல சொல்லு."

"ஓடுது. தூக்குது. இறங்கத்தான் மாட்டேங்குது. உனக்கென்ன வந்துச்சு?"

"உன் மூஞ்சியப் பாக்கப் பாவமா இருக்கு, அதான் வந்தேன். ஏறு வண்டியில. நான் சொன்னா மட்டும் இறக்குற பொத்தான அமுக்கு. சொல்லாம அமுக்கினே, மிச்சக் காதும் இருக்காது."

தூக்கி நிற்கும் தகட்டுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுக்காமல் அதன் அடியில் யாரும் தலையை நீட்ட மாட்டார்கள். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கே இது தெரியும். க்ளோவிஸுக்குத் தெரியாதா? ஆனால் கட்டை ரெய்னோவின் கொட்டகையில் இருந்தது. பகையாளியிடம் போய் ஒரு கட்டை கொடு என்று கேட்பதா! கேட்கவில்லை. அடியில் புகுந்து, எண்ணெய் போகும் ஹோஸின் நட்டில் ஸ்பேனரை வைத்தான். தகடு விழுந்தது. மார்பெலும்புகள் முறிந்த சத்தத்தை ரெய்னோவின் மனைவி ஹில்மா சமையலறையில் கேட்டிருக்கிறாள். விறகு பிளக்கிறார்கள் என்று நினைத்தாளாம், பாவம்.

குளிரில் பூமி உறைந்து இறுகிக் கிடந்ததால் க்ளோவிஸைப் புதைக்க முடியவில்லை. வசந்தம் வரும்வரை கல்லறைத் தோட்டத்துக் கூடத்தில் வைத்துப் பூட்டினார்கள். ரெய்னோ பொத்தானை அமுக்கினானா இல்லையா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது, மதுக்கடையில் இரண்டு மூக்குகள் உடைந்தன. ரெய்னோ பைபிளின் மேல் கை வைத்து, தொடவே இல்லை என்றான். க்ளோவிஸின் மனைவி ஓடில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. புருஷன் இரும்பைக் கழற்றுவான், அவள் ஒயரைப் பார்ப்பாள். இத்தனை வருடம் அவர்கள் வீட்டுப் பழுதுப் பட்டறை அப்படித்தான் நடந்தது. கூடத்தைப் பூட்டிய அன்றே, ஒரு கையில் மான் சுடும் துப்பாக்கியும் மறு கையில் ஒயரில் கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்ட் லாம்ப்புமாகச் சாலையைத் தாண்டினாள். ரெய்னோ வாசலில் கலப்பைத் தகடு, யாரும் தூக்காமலே, மறுபடி முழங்கால் உயரத்தில் நின்றது.

துப்பாக்கிக் கட்டையால் ரெய்னோவின் வாயில் ஓர் இடி இடித்தாள். விழுந்தவனைத் தகட்டுக்கு அடியில் உருட்டினாள்.

"என் புருஷன் படுத்த இடம். படு. ஒயர் நல்லா இருந்துச்சுன்னா, இறங்கலன்னு நாடகமாடி அடியில வரவெச்சிருக்கன்னு அர்த்தம். அப்ப நானும் அமுக்குவேன். ஒயர்ல கோளாறுன்னா எந்திரிச்சுப் போயிடு."

"ஓடில், கர்த்தர் சத்தியமா..."

"கர்த்தர எதுக்கு இழுக்கிற? லாம்ப் சொல்லும்."

ஹில்மா வாசலில் முழங்காலிட்டு அலறினாள். ஓடில் திரும்பிப் பார்க்கவில்லை. பேட்டரி முனைகளைச் சுரண்டினாள், ஃபியூஸைப் பார்த்தாள், எர்த் போல்ட்டை இறுக்கினாள், வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவே உள்ள பிளக்கைப் பிரித்துத் துடைத்து மாட்டினாள். வைத்த இடத்திலெல்லாம் லாம்ப் எரிந்தது. ஒவ்வொரு முறை எரிந்தபோதும் ரெய்னோ கால்சட்டையை நனைத்தான். கடைசியாக, தகட்டை இறக்கும் வால்வுக்குப் போகும் ஒயரில் வைத்தாள். எரியவில்லை.

பேட்டரிக் கம்பியைக் கழற்றித் தொங்கவிட்டு, ஒயரின் உறையைக் கீறினாள். உள்ளே ஒயர் அறுந்திருந்தது. தானாக அறுந்ததல்ல, வெட்டி, மேலே டேப் சுற்றியிருந்தது. செம்பின் முனையில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பல் உடைந்த கட்டிங் பிளேயர்தான் அப்படி வெட்டும். அந்தப் பிளேயர் அவள் பட்டறையில், அவள் கைக்கெட்டும் ஆணியில் தொங்குகிறது.

ஓடில் பனியில் உட்கார்ந்துவிட்டாள். வெட்டியவன் க்ளோவிஸ். வெட்டி வைத்துவிட்டுச் சிரிக்கப் போனான். வித்தையைக் காட்ட அடியில் புகுந்தான். கோளாறு எங்கே என்று தெரிந்திருந்தும் அதைச் சொல்ல முடியாமல், தேவையில்லாத நட்டில் ஸ்பேனரை வைத்தான். தகட்டைத் தாங்கி நின்றதே அந்த ஹோஸில் இருந்த அழுத்தம்தான். நட்டுத் தளர்ந்ததும் அழுத்தம் போனது, தகடு இறங்கியது.

"அட பாவி மனுஷா, உன் கையாலயே போய்ச் சேர்ந்தியா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் செத்ததற்கு அவள் அழுதது அப்போதுதான். துப்பாக்கியைப் பனியில் வைத்தாள். "எந்திரி, ரெய்னோ. பொத்தானுக்கும் வால்வுக்கும் நடுவுல ஒயரே இல்ல. நீ கொல்லல."

ரெய்னோவுக்கு உயிர் திரும்பி வந்தது. உடைந்த வாயோடு, படுத்தபடியே, வயிறு குலுங்கச் சிரித்தான். "அப்ப நான் அமுக்கினது போய்ச் சேரவே இல்லையா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. ஓடிலின் கை துப்பாக்கிக்குப் போனது. அது எட்டும் முன் தகடு விழுந்தது. பேட்டரிக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது, மோட்டார் ஓடவில்லை, வால்வு திறக்கவில்லை. விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. ரெய்னோ கத்துவதை நிறுத்திய பின்னும் சற்று நேரம் விழுந்துகொண்டிருந்தது. ஹில்மா ஓடி வந்து தகட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோதுதான் அடங்கியது. பனியில் ஒரு சொட்டு இல்லை.

தொட்டியின் மூடி பிதுங்கிக்கொண்டு நின்றது. ரத்தம் அளவுக்கு மேல் இருந்தால் பம்ப் கெட்டுவிடும் என்பதால் ஓடில் ஒரு கோப்பையால் முகந்து ஊற்றினாள், ஹில்மா வாளியைப் பிடித்தாள். ஷெரிஃபின் ஆள் வந்து இதையும் விபத்து என்றே எழுதிக்கொண்டான், ஹில்மா மறுக்கவில்லை. ரெய்னோவை எடுத்துப்போக, பனி மூடிய சாலையைத் திறக்க வேண்டியிருந்தது. ஓடில் ஒயரை ஒட்டினாள், ஹில்மா வண்டியை எடுத்தாள். கூடத்தில் ரெய்னோவை வைக்க இடம் இருந்தது க்ளோவிஸின் பக்கத்தில் மட்டும்தான், அங்கேயே வைத்தார்கள்.

இப்போது அந்தக் கலப்பையைத்தான் ஊர் முழுக்கக் கூப்பிடுகிறோம். எந்தக் குளிரிலும் திணறாது. ஹில்மா ஓட்டுகிறாள், ஓடில் பழுது பார்க்கிறாள். சில நாள் தொட்டிக்குள்ளிருந்து மோதும் சத்தம் வரும், ஓடில் இறங்கி ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினால் அடங்கிவிடும். காலையில் வண்டி ஏறுமுன் இரண்டு பெண்களும் கையுறையைக் கழற்றி, தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்கள். அது நல்ல சூடாக இருக்கும்.