இடுப்பு லேசான காலை

ஞாயிற்றுக்கிழமை காலையில், காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் லாண்டரிக்குப் போனால் நான் பாதித் தூக்கத்தில்தான் இருப்பேன். சிகாகோவில் பிப்ரவரி மாதம் யாருக்குத்தான் முழு விழிப்பு இருக்கிறது? வெளியே பனி பெய்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியாத ஒரு வெளிச்சம். உள்ளே துவைக்கவும் உலர்த்தவும் இருபது இயந்திரங்கள், வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் யார் யாருடைய போர்வைகளையோ சுற்றிக்கொண்டிருக்கும். சோப்பு வாசனையும் கதகதப்பும் சேர்ந்து என் முன்கோபத்தைக்கூடக் கொஞ்சம் கரைத்துவிடும். சர்ச்சுக்குப் போகாததற்கு என்னிடம் உள்ள ஒரே நல்ல காரணம் அந்த இடம்தான்.

இடுப்பின் வலப்பக்கம், சட்டைக்குள் துப்பாக்கி இருந்தது. அதைத் தனியாகச் சொல்லத் தோன்றுவதே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் என் பூக்கடையின் பின்வாசலில் ஒருவன் கழுத்தில் கத்தியை வைத்துக் கைப்பையைப் பிடுங்கிப் போனான். அடுத்த மாதமே பதினாறு மணி நேர வகுப்பில் உட்கார்ந்து, கைரேகை கொடுத்து, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன். அன்று முதல் எங்கள் தெருவில் யாருக்கு லைசென்ஸ் ஆசை வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் சளைக்காமல் உபதேசம் செய்வேன்.

எங்களைப் போன்றவர்களுக்குத் திருடனைவிடப் பெரிய தொல்லை கழிப்பறை. கால்சட்டையை இறக்கினால் துப்பாக்கியும் சேர்ந்து இறங்கும். "எங்கயும் எடுத்து வைக்காதீங்க, எறக்கின துணிக்குள்ளயே கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று வகுப்பு எடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். நான்தான் அவரைவிடக் கெட்டிக்காரியாயிற்றே. லாண்டரியின் கழிப்பறையில், தாழ்ப்பாளை ஒட்டினாற்போல் கை துடைக்கும் காகிதப் பெட்டி ஒன்று உண்டு. துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து அதன் மேல் வைப்பேன். தாழ்ப்பாளைத் திறக்கும்போது கண்ணில் படாமலா போகும் என்று நினைத்தேன்.

அன்றும் அப்படித்தான் வைத்தேன். அப்போது லாண்டரியைப் பார்த்துக்கொள்ளும் ஹோரஸ் வெளியிலிருந்து கத்தினார்.

"வெர்லீன்! ஒன்னோட டிரையர் நின்னு ரெண்டு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள ஒருத்தன் ஒன் துணிய வெளிய அள்றான்!"

அடுத்தவர் துணியில் கை வைப்பது எங்கள் பக்கத்தில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெல்ட்டை மாட்டியும் மாட்டாமலும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

"யாருடா அது? ஒங்க வீட்டுத் துணின்னு நெனச்சியா?"

பீரோ மாதிரி ஒரு ஆள் திரும்பிப் பார்த்தான். "மன்னிச்சிருங்க மேடம். வேற டிரையர் காலி இல்ல. ஆனா சும்மா போடல, மடிச்சுத்தான் வச்சிருக்கேன்."

நிஜமாகவே மடித்துத்தான் வைத்திருந்தான். துண்டுகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

"இந்த மாதிரி ஆளத் திட்டாதீங்க மிஸ் வெர்லீன். கல்யாணம் ஆயிருச்சான்னு கேளுங்க" என்றாள் டெமித்ரா. அவள் என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவள். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை. அவளுடைய ஆறு வயது மகள் நைலா பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தோம். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பிறகு நானும் டெமித்ராவும் என் பெரிய விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடிக்க ஆரம்பித்தோம். சூடான துணி நடுவில் காற்றை வாங்கி உப்பி மெல்ல அடங்கியது. நான் அவளை நோக்கி நடந்தேன், அவள் என்னை நோக்கி நடந்தாள், மறுபடி விலகினோம். அந்தக் காலையில் எனக்கு என்னவோ ஆகியிருந்தது. தரைக்கு ஒரு விரல் உயரத்தில் நடப்பது போல இருந்தது. முதுகு வலிக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஜன்னலில் பனி வெளிச்சம், துணியில் பால் போன்ற வெள்ளை, இயந்திரங்களின் ஓயாத முணுமுணுப்பு. இதே போல மாலை வரை மடித்துக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்தேன். சந்தோஷம் என்றால் இதுதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

"நானும் லைசென்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள் டெமித்ரா. "ஆனா பஸ்ல எடுத்துட்டுப் போகக் கூடாதாமே? என்கிட்ட ஏது காரு?"

"வீட்லேர்ந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் இருட்டுல நாலு தெரு நடக்கிறியே, அதுக்கு?"

"நடந்துட்டு? பஸ் ஸ்டாப் கம்பத்துல நாய் மாதிரி கட்டிப்போட்டுட்டு ஏறவா?"

சிரித்துக்கொண்டே நான் உபதேசத்தைத் தொடங்கினேன். எந்த உறை நல்லது, எந்தப் பக்கம் மாட்ட வேண்டும், குண்டு ஏற்றாத துப்பாக்கி வெறும் கல். நடுவில் நைலா வந்து கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றாள்.

"போய்ட்டு வா. நீதான் பெரிய பொண்ணாச்சே" என்றாள் டெமித்ரா. கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

சற்றுநேரத்தில் உள்ளிருந்து பாட்டு வந்தது. மாதங்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் பள்ளிக்கூடப் பாட்டு. ஜனவரியில் ஆரம்பித்து, ஏப்ரலில் கொஞ்சம் இழுத்து, டிசம்பரில் முடித்தாள். அந்தச் சின்னக் குரல் என் மிதப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. நான் புன்னகையோடு கீழே விழுந்த ஒரு காலுறையை எடுக்கக் குனிந்தேன்.

குனிந்தால் அது விலாவில் குத்தும். மூன்று வருடமாகக் குத்துகிறது. அன்று குத்தவில்லை.

கை தானாக இடுப்புக்குப் போயிற்று. வெறும் உறை.

உள்ளே பாட்டு மறுபடி ஜனவரியிலிருந்து ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் என் மனம் என்ன செய்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். டெமித்ரா இதை எங்கே போய்ச் சொல்வாள் என்று யோசித்தது. லைசென்ஸ் போய்விடுமா என்று யோசித்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வெர்லீன் கழிப்பறையில் விட்டுவிட்டு வந்தாளாம் என்று ஹோரஸ் வாரக்கணக்கில் சொல்லிச் சிரிப்பதை யோசித்தது. பாடுகிறாளே, பாடுகிற குழந்தை வேறெதையும் தொடாது, அவள் வந்ததும் நான் நுழைந்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று சமாதானம் சொன்னது. ஜூலை, ஆகஸ்ட் என்று பாட்டு போனது. நான் காலுறைக்கு ஜோடி தேடினேன். கடவுளே, அதைத்தான் செய்தேன்.

மூன்றாம் முறை ஜனவரி வந்தபோது குரல் சன்னமாக நடுங்கியது. என் கையிலிருந்த துணி நழுவியது.

"டெமித்ரா, என் துப்பாக்கி உள்ள இருக்கு. தாழ்ப்பா பக்கத்துல, பெட்டி மேல."

அவள் என்னைப் பார்த்தாள். "குண்டு?"

"ஏத்தித்தான் இருக்கு."

அவள் ஓடினாள். "நைலா! கதவத் தெற!"

பாட்டு நின்றது. "முடியாதும்மா. தாழ்ப்பா பக்கத்துல அது இருக்கு. கிட்டப் போகக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

ஹோரஸ் இரும்புக் கம்பியோடு ஓடிவந்தார். "நெம்பாதீங்க, ஆடினா கீழ விழுந்துரும்!" என்று நான் அலறினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. இயந்திரங்கள் அவை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

டெமித்ரா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கத்தவில்லை. "கண்ணு, அம்மா இங்கதான் இருக்கேன். அதப் பாக்காத. தாழ்ப்பாள மட்டும் பாரு. ஒரு கை போதும். மெதுவா, பல்லு வெளக்குற மாதிரி. எங்க, இழு பாப்போம்."

எவ்வளவு நேரமோ ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். நான் உள்ளே போனேன். துப்பாக்கி நான் வைத்தபடியே இருந்தது, அதன் வாய் கழிப்பறைக் கோப்பையைப் பார்த்தபடி. எடுத்து உறையில் செருகினேன். பழைய எடை பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

வெளியே வந்தபோது டெமித்ரா ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தி, சொட்டச் சொட்ட ஈரத்துணியை ஒரே கையால் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் நைலா. அந்தக் குளிரில் ஈரத்துணியோடு எங்கே போவாள்?

"டெமித்ரா, என்னை மன்னிச்சிரு" என்றேன். அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

நைலா தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, குறை சொல்லும் குரலில் சொன்னாள்: "பயமா இருந்துச்சும்மா. அதான் பாடினேன். மூணு தடவ சத்தமாப் பாடினேன். யாருக்குமே கேக்கல."

எனக்குக் கேட்டது. மூன்று முறையும் கேட்டது.