கதவை இழைத்துவிட்டால் போதும்

வீட்டில் முதலில் வாய் திறந்தவை கதவுகள்தான். மனிதர்கள் யாருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது மாடி எழும்பியபோது கீழே சமையலறைக் கதவு நிலையில் சிக்கியது. என் தங்கையின் கணவர் தச்சரைக் கூப்பிட்டார். தச்சர் மேல்விளிம்பில் இழைப்புளியை நாலு இழுப்பு இழுத்தார். கதவு சமர்த்தாகச் சாத்திக்கொண்டது. மூன்றாவது மாடிக்குக் குளியலறைக் கதவு முறுக்கிக்கொண்டது. நான்காவதுக்கு வாசல் கதவே. "ஈரத்துல மரம் ஊதியிருக்கு," என்றார் மாப்பிள்ளை. கொளுத்துகிற கோடையிலும் ஊதுகிற அபூர்வ மரம் அது.

மாப்பிள்ளைக்குக் குழாய், வாஷ்பேசின், கழிவறைப் பீங்கான் வியாபாரம். அதனால் ஒவ்வொரு மாடியிலும் படுக்கையறையைவிடக் குளியலறை அதிகம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் மூன்றே பேர். தங்கைக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. ஆகவே மூவருக்கும் கீழ்த்தளம்தான். முதல் மாடி சோபாக்கள் பிளாஸ்டிக் உறை கழற்றப்படாமல் யாருக்கோ காத்திருக்கின்றன. இரண்டாவதில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை; அதில் நான் துணி மடிப்பேன். அதற்கு மேலே இருப்பதெல்லாம் புறாக்களின் வசம்.

அஸ்திவாரம் போட்ட மேஸ்திரி, கீழே ஒன்று மேலே ஒன்று, அதற்குமேல் தாங்காது என்று அன்றே சொல்லியிருந்தார். தொலைநோக்கு இல்லாத ஆள் என்று மாப்பிள்ளை அவரை நிறுத்திவிட்டார். அப்புறம் வந்த மேஸ்திரிகள் எல்லாருமே தொலைநோக்கு உள்ளவர்கள். "தாராளமாத் தாங்கும் சார்" என்பார்கள். சொல்லிவிட்டுத் தொலைவில்தான் குடியிருந்தார்கள்.

இந்த ஓட்டமெல்லாம் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரால் வந்தது. அவர் ஒரு மாடி ஏற்றினால் இவர் ஒரு மாடி ஏற்றுவார். இப்போது ஐந்தாவது மாடிக்குக் கம்பி வந்து இறங்கியிருந்தது.

கம்பி இறங்கிய மறுநாள் காலையில் தங்கை படுக்கையறைக்குள் மாட்டிக்கொண்டாள். உள்ளே இருந்து அவள் இழுத்தாள், வெளியே இருந்து நான் தள்ளினேன். கதவு அசையவில்லை. தலைக்கு மேலே எங்கோ சுவருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம்.

"அண்ணே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"பயமா இருக்குண்ணே. எனக்கு இந்த அஞ்சாவது மாடி வேணாம். நீ ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லேன். நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறார்."

தச்சர் வந்து கதவைக் கழற்றி அவளை வெளியே விட்டார். "கவலைப்படாதீங்கம்மா, இழைச்சா சரியாயிடும்," என்றார். எங்கள் வீட்டை நம்பி அவர் புது ஸ்கூட்டர் வாங்கியிருந்தார்.

மாப்பிள்ளை வாசலில் நின்று எதிர்வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அண்ணாந்தபடியே நடக்கப் பழகியவர். வேலை போய் நான் வந்து நின்றபோது பின்னறையை ஒதுக்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் அவரை நான் மனதுக்குள் மட்டுமே கண்டிப்பது வழக்கம். அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, எதிர்வீட்டுக்காரர் வீட்டை வித்துட்டு ஒத்தைத் தளத்துக்குப் போறாராமே. இனிமே யாரோட போட்டி? நாமளும் நிறுத்திக்கலாம்ல?"

"வாங்குறவன் யாரு தெரியுமா மச்சான்? கப்பல் வச்சிருக்கானாம். கப்பல் வச்சிருக்கவன் நாலு மாடியோட சும்மா இருப்பானா?"

"இருந்தா இருக்கட்டும். நமக்கு இருக்கிறது போதாதா?"

அவர் கண்ணை மாடியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, கரிசனம்தான்.

"போதும்னு நான் நினைச்சிருந்தா முதல் கடையிலயே ஈ ஓட்டிட்டு இருந்திருப்பேன். நீங்க போதும்னு நினைச்சீங்க. இப்ப எங்க இருக்கீங்க?"

"பின்னறையில," என்றேன்.

அதோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

தங்கையிடம் வந்து, "மகள் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போயிருந்துட்டு வாயேன்," என்றேன்.

"நான் போனா அவரும் வருவாரா? தலைகீழா நின்னு கூப்பிட்டாலும் வர மாட்டார். இங்க தனியா விட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்றவள் சிரித்தாள். "வீடு என் பேருலதாண்ணே இருக்கு. அவர் காட்டுற இடத்துலல்லாம் கையெழுத்துப் போட்டேன். அஞ்சு மாடி வீட்டுக்காரி எங்க போறது சொல்லு."

கான்கிரீட் போடுகிற நாள் வந்தது. காலையிலிருந்தே கலவை இயந்திரம் கர்ஜித்தது. மத்தியானத்துக்குள் எங்கள் தளத்தில் மூடியிருந்த ஒரு கதவும் திறக்கவில்லை, திறந்திருந்தவை மூடவில்லை. என் அறை ஜன்னலும் இறுகிவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். தச்சர் இழைப்புளியோடு ஓடி வந்தார். ஆனால் இழைக்க இனி மரம் மிச்சமில்லை, தாழ்ப்பாள் மட்டும்தான் இருக்கிறது என்று கைவிரித்துவிட்டார். இப்போதாவது இந்த மனிதருக்கு உறைக்கும் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை ஒரு நிமிடம் யோசித்தார். பெரிய வியாபாரிகள் நெருக்கடியில்தான் பளிச்சிடுவார்கள்.

"கதவு இருந்தாத்தானே சிக்கும்? எல்லாத்தையும் கழட்டிடுங்க. திரை போட்டுக்கலாம். பெரிய ஓட்டல்லல்லாம் இப்ப இதுதான் ஃபேஷன்."

சாயங்காலத்துக்குள் வாசல் கதவு உட்பட எல்லாம் கழன்று சுவரோரம் சாய்ந்து நின்றன. ஊரிலேயே உயரமான வீட்டுக்கு உள்ளே நுழைய யாரும் தட்ட வேண்டியதில்லை. மாப்பிள்ளை உச்சியில் ஈரக் கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் நின்று, கப்பல்காரன் வரப்போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே தங்கை தன் கட்டிலை மெல்ல இழுத்து இழுத்து, கதவில்லாத வாசலுக்குப் பக்கத்தில் போட்டாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அவர் படுக்கிற பக்கம் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை திருப்பிப் போட்டாள். பிறகு அவருடைய செருப்பை எடுத்து வந்து, இருட்டிலும் கால் தடவினால் கிடைக்கிற இடத்தில், வாசலைப் பார்த்து ஜோடியாக வைத்தாள்.

"நீயும் செருப்பை மாட்டிக்கிட்டே படுண்ணே," என்றாள்.

மேலே சுவருக்குள் மறுபடி 'டக்' என்றது. "மச்சான்!" என்று உச்சியிலிருந்து குரல் வந்தது. "ஜன்னல் ஏதோ இறுக்கமா இருக்குன்னீங்களே, தச்சரைப் போக விட்டுடாதீங்க!"