அழைப்பு சேரும் வரை

"ஃபார்மட் பண்ணவான்னு அது கேட்டுச்சு, நான் சரின்னு..."

"கேட்டா உடனே சரின்னுடுவியா? அம்மா பேசினதெல்லாம் அதுக்குள்ள இருக்குன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும்டி. ஃபார்மட் பண்ணினாதான் திறக்கும்னு அதுவே எழுதிக் காட்டுச்சு. நான் என்ன கம்ப்யூட்டருக்கா படிச்சேன்? மருந்துக்கடையில பில் போடறவ."

"பில் போடறவளுக்கு 'வேண்டாம்'னு பக்கத்துல இன்னொரு பட்டன் இருந்தது கண்ணுல படலையாக்கும்."

"வேணும்னேதான் அழிச்சேன்னு சொல்ல வர்ற. சுத்தி வளைக்காம சொல்லிடேன்."

"நான் சொல்லல. நீதான் சொல்ற."

"ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கம்மா," என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். "டிஸ்க் ஓடற சத்தம் எனக்குக் கேக்கணும்."

கடை வாசலில் 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று பலகை தொங்கியதால் தெருவில் எல்லோருக்கும் அவர் டாக்டர்தான். கையடக்கமான அந்தக் கறுப்புப் பெட்டியைக் காதோரம் வைத்து, நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

"உயிர் இருக்கு. ஃபார்மட் பண்றதால எல்லாம் போயிடாது. எது எங்க இருக்குன்னு காட்டற பலகையைத்தான் கழட்டும், சாமான் உள்ளயே கிடக்கும். அதுக்கப்புறம் இதுல புதுசா ஏதாவது போட்டீங்களா?"

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ஒரு சீரியல்."

"ஒரு சீரியல்ல எவ்வளவும்மா?"

"முழுசா. மருமக ஊருக்குப் போறப்போ ஏத்திக் கொடுத்துட்டுப் போனா."

"அடிப்பாவி!" தங்கை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "அம்மா தலை மேல சீரியலைக் கொட்டியிருக்கியே!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. மீசையைத் தடவி அதை உள்ளே தள்ளிவிட்டு, டிஸ்க்கை அப்படியே வேறொன்றில் நகல் எடுக்கத் தொடங்கினார். நகலில்தான் தேடுவாராம், மூலத்தைத் தொடமாட்டாராம். அதுவரை சகோதரிகள் இருவரும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஆரம்பித்தது. தங்கைக்கு வேலை விமானம் ஏறிப் போகிற தூரத்தில். "எல்லாத்தையும் பதிவு பண்ணி வை அக்கா, வரும்போது எடுத்துக்கறேன்" என்றாள். அக்காவும் பதிவு செய்தாள். லேப்டாப்பை அம்மா முன்னால் வைத்துவிட்டு, அழைப்பு சேர்ந்ததும் சமையலறைக்குப் போய்விடுவாள். சுவருக்கு அப்பால் அம்மா சிரிப்பது கேட்கும். என்ன சிரிப்பு! திங்கள் முதல் சனி வரை கடுகு வெடிக்கிற முகம், ஞாயிற்றுக்கிழமை 'கண்ணு, கண்ணு' என்று குழையும். மலம் அள்ளுகிறவளுக்கு ஒரு கண்ணு இல்லை. எங்கோ இருந்துகொண்டு கையாட்டுகிறவளுக்கு நூறு கண்ணு. வயிறு எரியும். எரிகிற வயிற்றோடு கஞ்சியை இறக்கி வைப்பாள்.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு தங்கை வந்தாள். வந்தவள் கேட்ட முதல் சாமான் இந்தப் பெட்டிதான்.

"நகைகூட வேணாம்னேன்," என்றாள் தங்கை இப்போது, சுவரைப் பார்த்தபடி. "அம்மா என்னோட சிரிச்சது மட்டும் போதும்னேன். அதுவும் உனக்குப் பொறுக்கல."

"ஆமா பொறுக்கல. வாரம் ஒருநாள் சிரிப்பை வாங்கிக்கறவ நீ. மீதியை யாரு வாங்கினா?"

"நானும் இருந்திருப்பேன். லீவு கொடுக்கலக்கா."

"எனக்கு யாருடி லீவு கொடுத்தா?"

"வந்துடுச்சும்மா," என்றார் டாக்டர்.

இருவரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். தங்கைதான் முதலில் போய்ச் சேர்ந்து, திரைக்கு நேரே இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்லயே சொல்லிடறேன். பெரிய ஃபைல் ஒரே இடத்துல உக்காராது. துண்டு துண்டாத்தான் உக்காரும். இதுல எல்லாத்துக்கும் முதல் துண்டு கிடைச்சிருக்கு. மீதி இருந்த இடத்துலதான் சீரியல் உக்காந்திருக்கு."

"முதல் துண்டு போதும்," என்றாள் தங்கை. "போடுங்க."

திரையில் அக்காவின் முகம் மிக அருகில் வந்து விலகியது. பின்னால் கட்டில். தலை கலைந்து, வாய் உலர்ந்து, அம்மா.

"சீப்பு எங்கடி?"

"கையிலதாம்மா இருக்கு. ஆடாம இரு."

"மெதுவாடி! கையா அது, உலக்கையா? முடியைப் பிய்ச்சு வித்துடலாம்னு பாக்கறியா, கழுதை?"

"வித்தா யாரு வாங்குவா இதை?"

"வாயைப் பாரு. பவுடரை எடு. வெளுத்துக் கிடந்தா அவ பயப்படுவா. முதுகுல தலையணையை முட்டுக் கொடு. அப்படி இல்ல, தடிமாடு, வலிக்குது."

"அவகிட்டச் சொல்லவா, வலிக்குதுன்னு?"

"சொன்னே, கொன்னுடுவேன்."

அழைப்பு மணி ஒலிக்கத் தொடங்கியது. திரை உறைந்துவிட்டது.

"அப்புறம்?" என்றாள் தங்கை.

"அவ்வளவுதான். அடுத்ததைப் போடறேன்."

அடுத்ததிலும் சீப்பு. அதற்கடுத்ததில் அக்கா நைட்டியை மாற்றுகிறாள், அம்மா அவள் கையில் அடிக்கிறாள். இன்னொன்றில் இருவரும் மாத்திரைக்காகச் சண்டை போடுகிறார்கள். அம்மா துப்பிய மாத்திரை கேமரா மேல் வந்து விழ, இருவரும் ஒரு நொடி திகைத்துவிட்டு, மூச்சு வாங்கச் சிரிக்கிறார்கள். அக்காவுக்கே அந்தச் சிரிப்பு மறந்துபோயிருந்தது. ஒவ்வொன்றும் மணி ஒலிக்கும் இடத்தில் நின்றது.

"ஏன் இவ்வளவு முன்னாடியே பதிவைப் போட்ட?" தங்கையின் குரல் இறங்கியிருந்தது.

"நீதானே கத்தின, ஒரு தடவை ஆரம்பம் விட்டுப்போச்சுன்னு. அதுலேருந்து முதல்ல அதை அழுத்திட்டுத்தான் சீப்பையே எடுப்பேன்."

அக்காவின் வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்தது. எல்லாம் என்னுடையது. சீப்பு, அடி, வசவு, எல்லாம். அவளுக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. இனிப்பாகத்தான் இருந்தது. தங்கையின் பின்னங்கழுத்து துவண்டிருப்பதைப் பார்த்த பிறகும், உடனே மறையாத இனிப்பு.

"கடைசியா ஒண்ணு கொஞ்சம் நீளமா இருக்கு," என்றார் டாக்டர்.

அதில் மணி நின்று, அழைப்பு சேர்ந்தது. அம்மா முகத்தை இரு கைகளாலும் ஒருமுறை துடைத்துக்கொண்டாள். துடைத்த கை கீழே இறங்கியபோது அங்கே வேறொரு முகம் இருந்தது. நல்ல புடவை எடுத்து உடுத்தியதுபோல் ஒரு சிரிப்பு.

"கண்ணு, வாங்கம்மா. சாப்பிட்டீங்களா? எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன்."

திரை உறைந்தது.

டாக்டர் எழுந்து, தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"வாங்கம்மாவாம்," என்றாள் தங்கை. "விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி."

உறைந்து நின்ற அந்தச் சிரிப்பைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மவுஸைத் தானே எடுத்து, முதல் துண்டை மறுபடியும் ஓடவிட்டாள். சீப்பு எங்கடி. மெதுவாடி. கையா அது, உலக்கையா. அக்கா அவள் தோள் வரை கையைக் கொண்டுபோனாள், வைக்கவில்லை.

தங்கை திரும்பவில்லை.

"என்னை ஒரு தடவைகூட கழுதைன்னு சொன்னதே இல்லையேக்கா."