ஃப்ளோரியனின் காலுக்கடியில்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. பெரிய வெள்ளியன்று கோயிலில் நான் ஆர்கன் வாசிப்பதில்லை. வேலையில்லாத கைகளை மடியில் போட்டுக்கொண்டு மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே பளிங்குத் தரையில் ஏதோ உலோகம் விழுந்து சறுக்கியது. சாவிக்கொத்து என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘பென்சில்வேனியா மலைகளில், சுரங்கங்கள் மூடிய பிறகும் மாதா கோயில் மூடாத ஓர் ஊரில், ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த...’

பொய். நிறுத்திவிட்டேன். கோயிலுக்குள் யாரும் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று ஆயரின் மடல் வந்ததிலிருந்து எங்கள் பங்கு மக்களிடையே நம்பிக்கை என்ற பேச்சே இல்லை. ஃபாதர் டுடெக் அதை வாசித்த ஞாயிறன்று, ஆர்கனுக்கு மேலே, கீழே நடப்பதைக் காட்டும் கண்ணாடியில் நான் பார்த்தது முகங்களை அல்ல, இடுப்புகளை.

2

நான் சந்தேகப்பட்டது ஃப்ளோரியன் கோசிக்கை. காணிக்கைக் கூடை ஏந்துபவர், மான் வேட்டைக்காரர், ஆயர் மடலைக் கேட்டுவிட்டு வாசலிலேயே “பிஷப்பு வீட்டுக்கு அலாரம் இருக்கு, அவருக்கென்ன” என்றவர்.

எதிர்ப்பக்கத்தில் பெர்னடைன் மட்டுசாக். அவள் மகள் டெனீஸை, டெனீஸின் கணவன் கைல் இடுப்பில் சுட்டான். அதற்கு முன்பே நீதிமன்றம் அவனிடம் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லியிருந்தது. ஒப்படைத்தான், சொந்த அண்ணனிடம். கேட்டதும் அண்ணன் திருப்பிக் கொடுத்தான். இனி காவல் நிலையத்தில்தான் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு மசோதா வந்திருந்தது. [மசோதாவின் விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.] அதற்காக, ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிகளில், கோயில் கூடத்து மீன் விருந்தில், பெர்னடைன் கையெழுத்து வாங்கினாள்.

“நானா?” என்றார் ஃப்ளோரியன், மீனை எண்ணெயில் விட்டபடி. “இன்னிக்கு கைலோடது, நாளைக்கு என்னோடது. பேதுரு வாள் வெச்சிருந்தது ஆண்டவருக்குத் தெரியாதா? வீட்ல வெச்சுட்டு வான்னாரா?”

“உறையில போடுன்னாரே, அது உன் காதுல விழலையா? அந்த வாள் யாரை வெட்டுச்சு, ராஜாவையா? ஒரு வேலைக்காரன் காதை. எப்பவுமே பக்கத்துல நிக்கிறவங்க மேலதான்யா படும்.”

“உனக்கு மீன் வேணுமா, வேண்டாமா?”

“ரெண்டு துண்டு. கருகினதை என் தலையில கட்டாதே.”

3

பெரிய வெள்ளி. சிலுவையின் ஒரு கையை ஃபாதர் டுடெக்கும் மறு கையை ஃப்ளோரியனும் பிடித்திருந்தார்கள். மக்கள் வரிசையாக வந்து சிலுவையை முத்தமிட்டார்கள். பெர்னடைன் மண்டியிட்டபோது தோள்பை நழுவியது. அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன்: சின்னக் கறுப்புத் துப்பாக்கி ஒன்று ஃப்ளோரியனின் பக்கம் சறுக்கிப் போய் நின்றது.

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். துப்பாக்கிக்கு எதிராகக் கையெழுத்து வாங்குபவளின் பையிலா? அழகுக்காக நான் திருப்பிப் போட்டேனா? இல்லை. விழுந்தது அவள் பையிலிருந்துதான்.)

ஃப்ளோரியன் சிலுவையை விட முடியாது. வலது காலை நகர்த்தி அதன்மேல் வைத்தார். ஊர் முழுவதும் வந்து முத்தமிட்டுப் போகும்வரை அந்தக் காலை அவர் அசைக்கவில்லை. ஃபாதரின் கண்கள் மூடியிருந்தன. அப்படித்தான் நினைக்கிறேன்.

4

எல்லோரும் போனபின் நான் இறங்கிப் போனேன். பீடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் ஃப்ளோரியன் துப்பாக்கியிலிருந்து குண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெர்னடைன் பக்கத்தில் நின்றாள்.

“ஏத்தி வெச்சிருக்கியே பெர்னடைன்! பிள்ளைங்க முட்டி போடுற இடத்துல!”

“கைல் ஜெயில்லேருந்து வெளிய வந்துட்டான். ஜனவரியிலயே. என் தெருவுல ரெண்டு தடவை பாத்தேன்.”

“அப்ப போலீஸ்ல சொல்லு.”

“சொன்னேன். தெருவுல நடக்குறது குத்தமில்லையாம்.”

“ஊர் பூரா துப்பாக்கியைப் பிடுங்கக் கையெழுத்து வாங்குறே, நீ மட்டும்...”

“ஊர் பூரா இல்ல. கைல் மாதிரி ஆளுங்ககிட்ட. அந்தச் சட்டம் வரட்டும், இதை ஆத்துல வீசிடுறேன். அதுவரைக்கும் எனக்கு யார் காவல்? நீயா? பிஷப்பா?”

ஃப்ளோரியன் கடைசிக் குண்டையும் கழற்றினார். துப்பாக்கியை ஒரு கையிலும் குண்டுகளை மறுகையிலும் நீட்டினார். அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, “நீ எழுதுறவ. உன்னை நெனச்சாத்தான் எனக்குப் பயம்” என்றாள்.

5

ஈஸ்டர் முடிந்த செவ்வாய், மாநிலத் தலைநகரில் சட்டமன்றக் குழுவின் மசோதா விசாரணை. பெர்னடைன் மகளைப் பற்றிப் பேசி முடித்ததும் உறுப்பினர் ஒருவர் புன்னகையோடு கேட்டார்: “அம்மா, உங்ககிட்ட துப்பாக்கி இருக்கா?”

தற்செயலாகக் கேட்கிற கேள்வி இல்லை அது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பெர்னடைன் தண்ணீர் குடித்தாள். “இருக்கு. கோயிலுக்கே கொண்டுபோனேன். சிலுவை முன்னால அது கீழ விழுந்துச்சு. அறுபத்திமூணு வயசுல என்னை அப்படி ஆக்கினது எதுன்னு சொல்லத்தான் இங்க வந்தேன்.”

மசோதா இன்னும் குழுவிலேயே கிடக்கிறது.

6

யார் சொன்னது?

முதல் முடிவு: ஃப்ளோரியன். சுலபமானது. ஆனால் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவர் பெர்னடைனின் பக்கத்தில், வரிசையின் ஓரத்தில் உட்காருகிறார். காவலா, கண்காணிப்பா, தெரியவில்லை.

இரண்டாம் முடிவு: ஃபாதர் டுடெக். கண்கள் மூடியிருந்தன என்று எழுதினேன். மூடியிருந்தனவா...

மூன்றாம் முடிவு: பெர்னடைனே. கேள்வி வரட்டும் என்று அவளே ஆள் விட்டு...

நான்காம் முடிவில் நான் இருக்கிறேன். அவள் அதைத்தான் நம்புகிறாள். ஈஸ்டருக்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்யலாம். கதை எழுதுகிறவள் சத்தியத்துக்கு என்ன விலை?

எந்த முடிவை எழுதினாலும் எங்கள் பங்கில் ஒருவரை மற்றவர்கள் வெறுக்கத் தொடங்குவார்கள். வெறுப்பவர்களின் வீட்டிலும் துப்பாக்கி இருக்கிறது. அதனால் நான் எழுதப்போவதில்லை.

நீங்கள் எழுதுங்கள். அதற்கு முன் ஒன்று: யாரைச் சந்தேகிக்கிறீர்களோ அவர் பக்கத்தில் ஒரு ஞாயிறு திருப்பலி முழுக்க உட்காருங்கள். ஒருவரையொருவர் ‘சமாதானம்’ என்று வாழ்த்தும் நேரம் வரும். அவர் உங்கள் பக்கம் திரும்பிக் கை நீட்டுவார்.