ஊறாத விதை

சியா விதையைப் பாலில் போட்டதும் கலக்க வேண்டும். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மூன்றாம் முறை. ஒரு தடவை தவறினாலும் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியின் வெளிப்பக்கம் கொழகொழவென்று இருக்கும், உள்ளே காய்ந்த விதை அப்படியே உட்கார்ந்திருக்கும். பார்த்தால் தெரியாது. வெண்ணிலா அந்த மூன்று தடவையையும் யாரிடமும் விட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அவளேதான் கலக்கினாள். மூன்று ஸ்பூன் விதை, காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு பெரிய டம்ளர். மூடி ஃபிரிட்ஜில் வைத்தாள். சனிக்கிழமை காலையில் எடுத்தபோது பால் இறுகி, விதை ஒவ்வொன்றையும் சுற்றிக் கண்ணாடி போல ஒரு வளையம் கட்டியிருந்தது. ஒரு விதையை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தாள். உள்ளே கடினமாக எதுவும் தட்டுப்படவில்லை. இன்னொன்றை எடுத்தாள். பிறகு இன்னொன்று.

மல்கோவா பழத்தை அரைத்து, நார் தங்காமல் வடிகட்டினாள். ஒரு வாழைப்பழத்தை முள்கரண்டியால் மசித்தாள். பழக்கூழில் கொஞ்சம் எடுத்துவைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கலந்து இரண்டு டம்ளர்களில் ஊற்றினாள். ஒன்று காலைக்கு, ஒன்று பதினோரு மணிக்கு.

"இந்தத் தவளை முட்டைக்கு இத்தனை பாடா?" என்றாள் மாமியார் வசந்தாமணி, அடுப்படி வாசலில் நின்றபடி. "நன்னாரி சர்பத்துக்குப் போடறமே, அந்த சப்ஜா தான இது. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள உப்பிப் போகும்."

"அது வேறங்கத்தை. இது வேற."

"என்ன வேற? அதுவும் கருப்பு, இதுவும் கருப்பு."

வெண்ணிலா பதில் சொல்லவில்லை. எப்படி வேறு, எத்தனை மணி நேரம் வேறு என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் பேச்சு குறைந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அவள் புருஷன் மாதேஷ் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து வண்டியோடு கிளம்பினால் எட்டு மாதம், பத்து மாதம் வடக்கேதான். போன வருஷம் மத்தியப் பிரதேசத்தில் ஒரு காட்டோரம் வண்டி நின்றபோது, தாகத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தான். அதில் பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட் இருந்தது. ரிக் வண்டியில் காலிப் பாட்டிலை யாரும் எறிவதில்லை. ஆயில், டீசல், ஆசிட் எல்லாம் அதில்தான். எந்தப் பாட்டிலில் என்ன என்று ஊற்றியவனுக்கு மட்டும் தெரியும்.

இரண்டு மடக்கு. அதோடு நிறுத்திவிட்டான். ஆனாலும் உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கிவிட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நான்கு தடவை பலூன் விட்டு விரித்தார்கள். கடைசித் தடவை டாக்டர் வெண்ணிலாவை மட்டும் கூப்பிட்டு, பேனா ரீஃபில் ஒன்றைக் காட்டினார். "வழி இவ்வளவுதாம்மா இருக்கு. செவுரும் மெலிஞ்சு போச்சு. ஏதாவது அடைச்சு, அழுத்தம் ஏறுச்சுன்னா கிழிஞ்சிரும். கிழிஞ்சா ஆளை மீட்கிறது கஷ்டம்."

அந்த ரீஃபிலை அவள் எந்த வேலையிலும் மறந்ததில்லை.

அதன்பிறகு அவன் சாப்பிடும்போது வீட்டில் யாரும் பேசுவதில்லை. டிவி ஓடாது. ஃபேனைக்கூட நிறுத்திவிடுவாள். ஒவ்வொரு வாய்க்கும் அவன் தொண்டைக்குக் கீழே சின்னதாக ஒரு சத்தம் வரும், ஈரத் துணியைப் பிழிவது போல. அது வந்தால் இறங்கிவிட்டது என்று பொருள். அது வரும்வரை வெண்ணிலா தன் மூச்சைப் பிடித்திருப்பாள். சாப்பாட்டு நேரத்து மௌனம் மெல்ல மெல்ல மற்ற நேரங்களுக்கும் பரவிவிட்டது. இப்போது மூன்று பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை முதல் டம்ளர் நல்லபடியாக இறங்கியது. இருபத்திரண்டு வாய். எண்ணிக்கொண்டேதான் இருந்தாள்.

கடைசி வாய் முடிந்ததும் மாதேஷ் சொன்னான். "வியாழக்கிழம வண்டி சத்தீஸ்கர் போகுதாம்."

"போகட்டும்."

"டிரில்லர் சரியா அமையலையாம் மொதலாளிக்கு."

அவள் டம்ளரை எடுத்தாள். "மாமா, உங்களுக்கு அங்க எவன் மூணு தடவ கலக்கிக் குடுப்பான்?"

அவன் சிரித்தான். சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. "நானே கலக்கிக்கறேன். முந்நூறு அடி ஆழத்துல ராடு எப்படிச் சுத்துதுன்னு கையில தெரியும் எனக்கு. இது தெரியாதா?"

எட்டரைக்கு அவள் வேலைக்குக் கிளம்பினாள். நைட்டி தைக்கும் கம்பெனி, ஸ்கூட்டியில் பதினைந்து நிமிடம். போகும்போது ஃபிரிட்ஜைத் திறந்து இரண்டாவது டம்ளர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

பதினொன்றே முக்காலுக்கு வசந்தாமணியே போன் செய்தாள். அவள் குரலில் பல மாதங்களாகக் கேட்காத ஒரு தெம்பு இருந்தது.

"வெண்ணிலா, மொதலாளி வந்துட்டு இப்பத்தான் போறாரு. சரவணக்குமாரேதான் நேர்ல வந்தாரு, பாத்துக்க. மாதேசக் கூட்டிட்டுப் போறதா முடிவாயிருச்சு."

"சாப்பிட்டாருங்களா அத்தை?"

"அதத்தான சொல்ல வாரேன். வந்த மனுசனுக்கு வெறுந்தண்ணி குடுக்கவா முடியும்? உன்ற மாம்பழத்த எடுத்துக் குடுத்தேன். அவரு, நா மட்டுமா, நீயும் கூட உக்காந்து சாப்பிடு மாதேசு, பாக்கலாம்னாரு. இவனும் ஒரு டம்ளரு முழுசாச் சாப்பிட்டான். அதப் பாத்ததும் அவருக்கு மனசு நெறஞ்சு போச்சு."

வெண்ணிலாவின் கையிலிருந்த துணி மேசையில் விழுந்தது.

"ஃபிரிட்ஜுல ஒரு டம்ளர் தானங்க இருந்துச்சு."

"அது மொதலாளிக்கு. இவனுக்கு நா கலக்கினேன். டப்பாவுல வெத இருந்துச்சு, அரைச்ச மாம்பழம் மிச்சமிருந்துச்சு."

"எத்தன மணிக்குப் போட்டீங்க?"

"எத்தன மணிக்கா? கலக்குனேன், குடுத்தேன். கெட்டியா நல்லாத்தான் இருந்துச்சு."

"பால் எவ்வளவு ஊத்துனீங்க?"

"பாலெல்லாம் காலைலயே தீந்துருச்சு. பழக்கூழ்லயே கலக்கிட்டேன்."

வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெண்ணிலாவுக்கு எதுவும் கேட்கவில்லை. போனுக்கு அந்தப் பக்கம், மாமியாரின் மூச்சுக்குப் பின்னால், யாரோ செருமினார்கள். மறுபடி செருமினார்கள்.

"அது யாருங்கத்தை?"

"மாதேசுதான். லேசா நெஞ்சக் கரிக்குதுங்கறான். தண்ணி குடிச்சா சரியாப் போயிரும்."

"தண்ணி குடுக்காதீங்க. ஒரு சொட்டு குடுக்காதீங்க. நா வாரேன்."

ஸ்கூட்டியில் வரும்போது அவளுக்கு ஒரு பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் மாதேஷ் சொன்னது. ஏதோ ஒரு ஊரில் முந்நூறு அடியில் வெள்ளைக் களிமண் வந்திருக்கிறது. டீ குடிக்க வண்டியைக் கால் மணி நேரம் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குள் களிமண் ஈரத்தைக் குடித்து உப்பி, உள்ளே இருந்த பதினைந்து ராடையும் பிடித்துக்கொண்டது. விவரமில்லாத ஒருவன், இளகட்டும் என்று மேலேயிருந்து தண்ணீர் விட்டிருக்கிறான். இரண்டு நாள் இழுத்தும் வரவில்லை. ராடையெல்லாம் உள்ளேயே விட்டுவிட்டு, குழியின் மேல் ஒரு கல்லைப் போட்டு மூடிவிட்டு வந்தார்களாம். "அங்க நெலத்துக்குள்ள இன்னும் அப்படியே நிக்கும்" என்றான் அன்றைக்கு.

வெயில் தார்ச்சாலையில் தண்ணீர் போல மினுங்கியது. ஒரு கோழி லாரி முன்னால் போனது. இறகுகள் பறந்து வந்து அவள் முகத்தில் ஒட்டின. முந்த வழியில்லை. ஒவ்வொரு விதையும் இந்நேரம் எவ்வளவு பெருத்திருக்கும் என்று மனம் அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் மாதேஷ் நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் சட்டி. தன் எச்சிலையே விழுங்க முடியாமல் அதில் துப்பிக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வசந்தாமணி சொம்போடு பக்கத்தில் நின்றாள். அவன் கை சொம்பை நோக்கி நீண்டது.

"குடுங்கம்மா," என்றான் கரகரத்த குரலில். "ஒரு மடக்கு. தள்ளி விட்டுரும்."

"ஊத்திக்க சாமி."

வெண்ணிலா ஸ்கூட்டியை அப்படியே சாயவிட்டு ஓடி வந்து சொம்பின் வாயைக் கையால் மூடினாள். தண்ணீர் மூன்று பேர் மேலும் தெறித்தது.

"உடு புள்ள," என்றான் அவன். கண்ணில் கோபம் இருந்தது, அதற்கும் கீழே பயம் இருந்தது. "தண்ணி போனா எறங்கிரும்."

அவள் கத்தவில்லை. அவன் முன்னால் மண்டியிட்டு, முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"வெள்ளக் களிமண்ணுக்குத் தண்ணி உடுவீங்களா மாமா?"

அவன் அவளைப் பார்த்தான். புரிந்துகொண்டது முகத்தில் மெதுவாக இறங்கியது. நீட்டிய கை மடிந்து சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வரும்வரை அவன் தண்ணீர் கேட்கவில்லை.

ஈரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். கோயம்புத்தூர் வரைக்கும் தாங்காது என்றார் ஆம்புலன்ஸ்காரர். உள்ளே குழாய் விட்டு அடைப்பை எடுக்க இரண்டரை மணி நேரம் ஆனது. வெளியே பெஞ்சில் இருவரும் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெண்ணிலா திட்டுவாள் என்று வசந்தாமணி காத்திருந்தாள். வெண்ணிலா திட்டவில்லை. காலையில் சொல்லாமல் விட்ட இரண்டு வாக்கியத்தைத் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். சப்ஜாவுக்கு அஞ்சு நிமிசம். இதுக்கு ஒரு ராத்திரி. அவ்வளவுதான். மூச்சுவிடும் நேரம்கூட ஆகியிருக்காது.

வெகுநேரம் கழித்து வசந்தாமணி தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"மொதல் வாயிலேயே நறநறன்னுச்சு, அம்மிணி. எனக்கே கேட்டுச்சு. என்னைய ஒரு பார்வ பாத்தான். சக்கர பத்தலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

"அப்பறம்?"

"மொதலாளி அவன் வாயவே பாத்துட்டு இருந்தாரு. இவன் சிரிச்சுக்கிட்டே முழுங்கிட்டான். அடுத்த வாய் எடுத்தான்."

வெண்ணிலா கண்ணை மூடிக்கொண்டாள். ஆழத்தில் ராடு எப்படிச் சுற்றுகிறது என்று கையில் அறிகிறவன். பல்லில் பட்டதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் டம்ளர் முழுவதையும் முடித்திருக்கிறான்.

டாக்டர் வெளியே வந்து, கிழியவில்லை என்றார். "ஒரு மடக்கு தண்ணி போயிருந்தா நாம வேற பேசிட்டு இருப்போம்." உள்சுவர் முழுக்கப் புண். மூன்று மாதத்துக்கு மூக்கு வழியாகக் குழாயில்தான் சாப்பாடு. அதற்குப் பிறகு உணவுக்குழாயை விரிக்க முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது.

புதன்கிழமை அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பேசக் கூடாது என்று உத்தரவு. ஏற்கெனவே அமைதியான வீடு இன்னும் அமைதியானது. விழுங்கும் சத்தத்துக்குக் காத்திருக்கவும் இப்போது தேவையில்லை. சிரிஞ்சில் கஞ்சி ஏறும், இறங்கும், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மெயின் ரோட்டில் நீண்ட ஹாரன் கேட்டது. ஒரு முறை அடித்து, கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை. சரவணக்குமாரின் வண்டி. கட்டிலில் சாய்ந்திருந்த மாதேஷ் ஜன்னல் பக்கம் திரும்பினான். சத்தம் தேய்ந்து மறைந்த பின்னும் திரும்பியே இருந்தான்.

வெண்ணிலா அடுப்படிக்குப் போனாள். அந்தக் கருப்பு விதை டப்பாவை எறிந்துவிடலாம் என்று தேடினாள். காணவில்லை, வசந்தாமணி முன்னமே எறிந்திருந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தபோது கீழ்த்தட்டின் மூலையில் ஒரு டம்ளர் இருந்தது. அன்றைக்கு வசந்தாமணி அவனுக்குக் கலக்கியதில், அவன் குடித்த டம்ளர் போக மிஞ்சியது. எடுத்து வைத்தவள் அதை மறந்துவிட்டாளா, இல்லை கழுவ மனம் வரவில்லையா, தெரியவில்லை.

பாதி டம்ளர்தான். மேலே காய்ந்து வெடித்திருந்தது. ஸ்பூன் நட்டுவைத்த மாதிரி நேராக நின்றது. வெண்ணிலா ஸ்பூனைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. டம்ளரும் சேர்ந்து மேலே எழும்பியது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தாள். மாதேஷ் போனில் ஒரு விரலால் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். அவள் வந்ததைப் பார்த்தும் மறைக்க முயலவில்லை. முதலாளிக்குத்தான். ‘மூணு மாசத்துல ரெடி ஆயிருவேன்ணா. அடுத்த வண்டிக்குச் சொல்லுங்க.’ இன்னும் அனுப்பவில்லை.

 அவன் கண்ணுக்கு நேராக டம்ளரைப் பிடித்து மெதுவாகக் கவிழ்த்தாள்.

ஒன்றும் விழவில்லை. ஒரு சொட்டும் இல்லை. ஸ்பூன் தலைகீழாகத் தொங்கியது, அசையாமல்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் பார்த்தான். மூக்கிலிருந்து இறங்கிய குழாய் அவன் மூச்சுக்கு ஏற்ப லேசாக ஆடியது. பிறகு பார்வையை இறக்கினான். வெண்ணிலா டம்ளரை நிமிர்த்தவில்லை. அவன் கட்டைவிரல் போனின் மேல் நின்றது. விலகவும் இல்லை, அழுத்தவும் இல்லை.